குழந்தைகள் வார்டில் ஐந்து நாள்கள்: ஒரு மருத்துவமனைச் சேவை மதிப்பீடு

தென்சென்னையில் உள்ள ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில், சென்ற வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் இரண்டரை வயது மகளுடன் ஐந்து நாள்கள் தங்க நேர்ந்தது. குறைகளையும் சொல்லப் போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். மழைக்காலத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோருக்கு, வரவேற்பறையின் பளபளப்பை விட வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்தால் போதும்.

காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் இரவு, அவளுடைய விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளிழுபடுவதைக் கண்டு அவசரப் பிரிவுக்குச் சென்றோம். அங்கே முதலில் பார்த்த செவிலியர், விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடவில்லை. "பாப்பா அழும்போது எண்ணினா தப்பா வரும்மா, கொஞ்சம் அமைதியாகட்டும்" என்று என் மனைவியிடம் சொல்லிக் காத்திருந்து, சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். 54 வந்தது. ஒரு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அதை வேக மூச்சாகக் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆக்சிஜன் அளவு 89 சதவீதமாக இருந்தது. பத்து நிமிடங்களுக்குள் மூக்கில் மெல்லிய குழாய் வைத்து ஆக்சிஜன் தொடங்கப்பட்டது. முன்பணம் கட்டிய ரசீதை அதற்குப் பிறகுதான் கேட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே அந்த அவசரப் பிரிவை நான் மனதாரப் பாராட்டுவேன்.

மருந்து விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அன்று இரவே மூக்கிலிருந்து மாதிரி எடுத்தார்கள். ஆனால் அந்த வைரஸுக்கு எதிரான ஒசெல்டாமிவிர் மருந்தை, முடிவு வந்த பிறகு, மறுநாள் மாலையில்தான் தொடங்கினார்கள். நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் இம்மருந்தின் பயன் அதிகம். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தளர்ந்த குழந்தைக்கு, அந்தக் கெடு கடந்திருந்தாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் தொடங்க வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். ஏற்கெனவே மூன்று நாள்களை இழந்திருந்த எங்களுக்கு, இன்னும் ஏறக்குறைய ஒரு நாள் வீணானது இன்றும் ஆறாத வருத்தம். மருந்து தொடங்கிய பின் கவனிப்பில் குறை காண முடியாது. 12 கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 30 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, ஐந்து நாள்கள் என்று எழுதிக் கொடுத்ததோடு, அது எத்தனை மில்லிலிட்டர் என்பதைப் புட்டியின் மேலுள்ள செறிவைப் பார்த்து எங்கள் முன்னாலேயே கணக்கிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டினார்கள்.

ஆண்டிபயாடிக் பற்றிய உரையாடலையும் குறிப்பிட வேண்டும். வைரஸ் காய்ச்சலுக்கு இது எதற்கு என்று நான் கேட்டபோது, குழந்தைகள் மருத்துவர் சினம் கொள்ளாமல் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இன்ஃப்ளூயன்சாவைத் தொடர்ந்து நியூமோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுரையீரலைத் தாக்குவதுண்டு என்றும், ரத்த வளர்சோதனையில் எதுவும் வளராவிட்டால் நிறுத்திவிடுவோம் என்றும் விளக்கினார். மூன்றாம் நாள் சொன்னபடியே நிறுத்தினார். தொடங்குவதற்கு எல்லா இடத்திலும் ஆள் உண்டு. நிறுத்துகிறவரைக் காண்பது அரிது.

இந்தப் பிரிவின் பெருங்குறை வார்டின் அமைப்புதான். ஆறு கட்டில்கள் கொண்ட பொது அறையில், இருமிக்கொண்டிருந்த எங்கள் மகளுக்கு ஒரு பக்கம் குடலிறக்க அறுவைக்குப் பின் தேறிவந்த சிறுவன், மறுபக்கம் ஆர்எஸ்வி வைரஸால் மூச்சுக்குழல் அழற்சி கண்ட நான்கு மாதக் கைக்குழந்தை. கட்டில்களுக்கு இடையே ஒருவர் நுழையும் அளவுக்குக்கூட இடமில்லை, திரைச்சீலையும் இல்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட இயலாது என்பதால், அந்தக் கைக்குழந்தைக்குத் தூரமும் சுற்றியிருப்போரின் கட்டுப்பாடும்தான் காப்பு. முடிவு உறுதியான பிறகாவது எங்களைத் தனியறைக்கோ, அதே வைரஸ் கண்ட குழந்தைகளோடு ஓர் அறைக்கோ மாற்றியிருக்க வேண்டும். நாங்களே கேட்டபோது அறை காலியில்லை என்ற பதில்தான் வந்தது. பார்வையாளர் நேரத்தில் இருமலோடு வந்த உறவினர்களைக்கூட யாரும் தடுத்து நிறுத்தவில்லை. நாங்கள் இருவரும் முகக்கவசம் அணிந்து, எங்கள் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டோம். அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் குற்றம் செய்தவன்போல உணர்ந்தேன்.

உணவகம் சுமார், இரவில் வெந்நீர் கிடைத்தது. கட்டண விவரம் தெளிவாக இருந்தது. இருமுறை எழுதப்பட்டிருந்த நெபுலைசர் முகமூடியைச் சுட்டிக்காட்டியதும் நீக்கினார்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் அபாய அறிகுறிகள், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் அளவு, ஆஸ்பிரின் கூடாது என்ற எச்சரிக்கை ஆகிய அனைத்தும் தமிழிலேயே அச்சிடப்பட்டிருந்தன. தடுப்பூசி பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட வேண்டுமென்று இந்தியக் குழந்தைகள் மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இடம்பெறாததால், யாராவது சொன்னால் ஒழியப் பெற்றோருக்குத் தெரிவதில்லை. எங்களுக்கும் ஒரு மூத்த செவிலியர் லிஃப்ட் வரை வந்து வாய்மொழியாகச் சொல்லித்தான் தெரிந்தது. இதையும், கட்டில் நெருக்கத்தையும் கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மகள் நன்கு தேறிய பின் அதே மருத்துவமனையில்தான் முதல் தவணையைப் போட்டோம். முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும் சிறு குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் தேவை. இரண்டாம் தவணைக்குச் சென்ற அன்று மாடியேறி வார்டு வாசலில் நின்று பார்த்தேன். ஆறு கட்டில்களும் அதே நெருக்கத்தில் இருந்தன. வாசலில் மட்டும் புதிதாக ஒரு முகக்கவசப் பெட்டி வைத்திருந்தார்கள்.