ப்ரீ-மெட்டுக்கு ஏ.பி. கிரெடிட்: எந்தப் பாடத்துக்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

அமெரிக்காவில் பெரும்பாலும் நான்கு வருட டிகிரி முடித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய பிறகுதான் எம்.டி. (நம் எம்.பி.பி.எஸ். போல) சீட். அதற்கு முந்தைய தயாரிப்புப் படிப்பைத்தான் ப்ரீ-மெட் என்பார்கள். அந்த நான்கு வருட டிகிரியில் சில பாடங்களை முன்பே கழித்துக்கொள்ள உதவுவது, பள்ளியில் இருக்கும்போதே எழுதும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வு. நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு. ஐந்துக்கு 4 அல்லது 5 வாங்கினால் பல கல்லூரிகள் கிரெடிட் தரும், அதாவது அந்தப் பாடத்தைப் படித்ததாகவே கணக்கில் வைக்கும். தேர்வு தரமானதுதான், கிரெடிட்டைப் பயன்படுத்துவதில்தான் கவனம் வேண்டும்.

பயாலஜியில் 90 நிமிடத்தில் 60 கொள்குறி வினா, அடுத்த 90 நிமிடத்தில் 6 எழுத்து வினா. நம் பிள்ளைகளுக்குப் பாடம் புதிதல்ல, கேட்கிற விதம் புதிது. ஒரு சோதனையின் அட்டவணையைக் கொடுத்து கிராஃப் போடு, எரர் பார் (பிழை அளவைக் காட்டும் கோடு) குறி, கன்ட்ரோல் (ஒப்பிட வைத்த பிரிவு) எது, இந்த நொதியைத் தடுத்தால் என்ன ஆகும், ஏன் என்பார்கள். புக் பேக் மனப்பாடம் செய்து சென்டம் வாங்குகிறவர் இங்கேதான் தடுமாறுவார். பழைய எழுத்து வினாக்களும் மார்க் போடும் முறையும் காலேஜ் போர்டு தளத்தில் இலவசம். அதைவிட நல்ல கைடு கிடையாது.

கல்லூரி கிரெடிட் தந்தாலும் மருத்துவக் கல்லூரி ஏற்க வேண்டும் என்றில்லை. சில ஏற்கும், சில அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்றை ஈடாகக் கேட்கும், சில ஏற்காது. கிரெடிட்டுக்கு கிரேடு இல்லாததால் அறிவியல் ஜிபிஏ (கிரேடு சராசரி) துளியும் ஏறாது. லேப் பழக்கமும் விட்டுப்போகும், முதல் வருடமே ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் மாட்டிக்கொள்ள நேரும். அதனால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கால்குலஸ், எகனாமிக்ஸ் கிரெடிட்டைத் தயங்காமல் வாங்குங்கள். பயாலஜியையும் கெமிஸ்ட்ரியையும் கல்லூரியிலேயே படியுங்கள். அந்த கிரெடிட்டை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கணுமா என்று சேர்ந்தவுடன் அட்வைசரிடம் கேட்டுவிடுங்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் வெளியிடும் எம்எஸ்ஏஆர் பட்டியலில் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியின் விதியும் இருக்கிறது. முழு விவரத்தையும் காசு கட்டித்தான் பார்க்கணும், ஆனால் கட்டலாம். எஃப்-1 (மாணவர்) விசாக்காரர்களைப் பல கல்லூரிகள் எடுப்பதே இல்லை என்ற கசப்பான உண்மையும் அதில் தெரிந்துவிடும்.

நீட்டும் எழுதுகிறவருக்குத் தேதிதான் பெரிய தலைவலி. 2025-ல் நீட் மே 4, ஏ.பி. பயாலஜி மறுநாள், கெமிஸ்ட்ரி அதற்கும் மறுநாள். மதுரைக்காரர்களுக்குச் சித்திரைத் திருவிழாவும் அதே சமயம்தான், அழகர் ஆற்றில் இறங்கியது மே 12. வெளியூர் சென்டர் அமைந்தால் அந்த நாட்களில் மதுரையிலிருந்து ரயிலில் இடம் பிடிப்பதே பெரும் பாடு. ஏ.பி.யைப் பிளஸ் ஒன் மே மாதமே எழுதலாம், ஆனால் பயாலஜிக்கு வேண்டிய மரபியலும் பரிணாமமும் பிளஸ் டூ பாடம், முன்கூட்டியே படிக்கணும். ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு அந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. ஏ.பி. எழுத வெளி மாணவரை எல்லாப் பள்ளியும் சேர்ப்பதில்லை, பதிவும் நவம்பர் நடுவோடு முடியும், ஆகஸ்டிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். ரிசல்ட் ஜூலையில். ஜூன் 20-க்குள் கல்லூரியைக் குறித்தால் ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண்ணை இலவசமாக அனுப்புவார்கள், பிறகு ஒவ்வொன்றுக்கும் 15 டாலர்.