பெரிய மீன் தொட்டியின் ஒட்டு திடீரென்று விட்டுக்கொண்டால்: கடைச் சாமான்களில் எது கைகொடுக்கும், எது காலை வாரும்?

ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். மலேசியத் தோட்டப்புற ஊர்களில் அரோவானாவுக்கும், தலை புடைத்த லுவோ ஹான் (ஃபிளவர்ஹார்ன்) மீனுக்கும் வாங்கி வைக்கும் பெரிய தொட்டி பெரும்பாலும் இந்த அளவுதான். விளிம்புவரை நிரப்பினால் 566 லிட்டர். அடி ஒட்டு ஓரிடத்தில் விட்டாலும் அத்தனை தண்ணீரும் கூடத்துக்கு வந்துவிடும். பேராக் மாநிலச் சிற்றூரான சுங்கை சிப்புட்டில் இது இரவில் நடந்தால் மீன் கடையும் பூட்டு, ஹார்ட்வேர் கடையும் பூட்டு. ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதனால் இந்த மதிப்பீட்டில் ஒரே அளவுகோல்தான்: அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் மீன் பிழைக்குமா?

முதலில் வருவது மீனை விட ஒரு பாத்திரம். விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. 200 லிட்டர் கொள்ளும் வட்டமான கெட்டிப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தால் ஓர் அரோவானா சில நாள் தாங்கும். துணிமணி வைக்கும் சதுரப் பெட்டிகளை நம்ப வேண்டாம். பாதிக்கு மேல் நிரப்பினாலே பக்கங்கள் உப்பி, மூலையில் கீறல் விடும். ஈரச் சந்தையில் கிடைக்கும் வெள்ளை போலிஸ்டைரின் (தெர்மோகோல்) மீன் பெட்டி சின்ன மீன்களுக்கு நல்லது, நன்றாகக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. பழைய நீலத் தோங் (பிளாஸ்டிக் பீப்பாய்) மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வைக்கிறார்கள். தோட்டத்துப் பக்கம் சுற்றும் தோங்குகளில் என்ன இருந்தது என்பதை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ரப்பர் பாலைக் கெடாமல் வைக்க அம்மோனியா, உறைய வைக்க ஃபார்மிக் அமிலம், செம்பனைக்கு அடியில் அடிக்கக் களைக்கொல்லி, எல்லாம் தோங்கில் வந்தவைதாம். பிளாஸ்டிக் இவற்றை ஓரளவு உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கக்கும். சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் மீனுக்கு அது ஆகாது. உணவுப்பொருள் வந்த தோங் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

அரோவானாவை வலையில் அள்ளாதீர்கள். செதிலும் மீசையும் கிழிந்துபோகும். தடித்த பெரிய பிளாஸ்டிக் பையைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து, தண்ணீரோடு சேர்த்துத் தூக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும். தொட்டிக்கு மேலே கம்பி வலையோ கனத்த துணியோ போட்டுக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். இது துள்ளாமல் இருக்கும் மீன் அல்ல. லுவோ ஹான் இரண்டு இருந்தால் இரண்டு பாத்திரம். ஒன்றில் போட்டால் விடிவதற்குள் ஒன்றுதான் மிஞ்சும். பதற்றத்தில் பண்டாராயா மீனையும் (தொட்டிப் பாசி தின்னும் பிளெக்கோ) பீக்காக் பாஸ் மீனையும் ஆற்றிலோ பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலோ கொண்டுபோய் விடுகிறவர்கள் உண்டு. நம் ஆற்று மீன்களை ஏற்கெனவே வாட்டுகிறவை அவை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது காற்று. நம் சூட்டில், 30 டிகிரி தண்ணீர் அதிகம் போனால் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும். குறுகிய பாத்திரத்தில் பெரிய மீன் அதை விரைவில் தீர்த்துவிடும். கடையில் இரண்டு வகை பேட்டரி ஏர் பம்ப் கிடைக்கும். பெரிய டி சைஸ் பேட்டரி போடும் பழைய வகை சத்தம் போடும், ஆனாலும் பேட்டரியை எந்த மளிகைக் கடையிலும் வாங்கலாம். யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும் லித்தியம் வகை அமைதியானது. கரண்ட் போனதும் தானே ஓடும் மாடல் என்றால் இன்னும் மேல். எங்கள் வாக்கு லித்தியம் வகைக்கே. பெட்டியில் போட்டிருக்கும் மணிக் கணக்கை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏர் ஸ்டோன் ஆழமாகப் போகப் போக பம்ப் திணறும், காற்றும் குறையும். ஓரடி ஆழம் போதும். பவர் பேங்கில் மாட்டுவதாக இருந்தால் ஒன்றை முன்கூட்டியே சோதியுங்கள்: மிகச் சிறிய பம்ப் இழுக்கும் மின்சாரம் போதாமல், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு அது அணைந்தால் யாருக்கும் தெரியாது.

தண்ணீரை இழுக்க ஓர் அங்குலக் குழாய் வாங்குங்கள். அரை அங்குலத் தோட்டக் குழாயைவிடக் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்கு, உராய்வும் குறைவு. முதலில் வரும் தண்ணீரை வாசலுக்கு விடாமல் மீன் போகும் தொட்டிக்கு விடுங்கள். மீனுக்குப் பழகிய தண்ணீர் அது. இதற்கெல்லாம் முன்னால் மெயின் போர்டில் சுவிட்சை இறக்க வேண்டும். ஈரத் தரையில் நின்றுகொண்டு பிளக்கைப் பிடுங்கக் கூடாது.

குழாய்த் தண்ணீர் சேர்க்க நேர்ந்தால் குளோரின். மலேசியக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை குளோரின் எச்சம் இருக்கலாம். மீன் கடையில் பொட்டலமாக விற்கும் ஆண்டி குளோரின் படிகம் சோடியம் தையோசல்ஃபேட். ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு என்று வைத்துக்கொண்டால், 100 லிட்டருக்கு மிஞ்சிப்போனால் மூன்றரை கிராம். மலிவானது, வேகமானது, வருடக்கணக்கில் வைக்கலாம், ஈரம் மட்டும் படக் கூடாது. சீக்கெம் பிரைம் என்ற திரவம் என்றால் 200 லிட்டருக்கு 5 மில்லி. குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீரில் வெறும் தையோசல்ஃபேட் குளோரினை எடுத்துவிட்டு அம்மோனியாவை விட்டுவிடும். அங்கே பிரைம் போன்ற திரவத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணில்லை.

கேனிஸ்டர் ஃபில்டரை மூடியபடியே விட்டுவிடாதீர்கள். உள்ளே ஓட்டமில்லாத தண்ணீரில் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்து, மீன் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியா செத்து நாறும். திறந்து, உள்ளே இருக்கும் கற்களையும் ஸ்பாஞ்சையும் மீனிருக்கும் தொட்டியிலேயே ஒரு வலைப்பையில் போட்டு, ஏர் ஸ்டோனுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று நாள் தீனி வேண்டாம்.

இனி ஒட்டுச் சாமான்கள். பிசைந்து ஒட்டும் எப்பாக்சி பசை ஈரத்திலும் பிடிக்கும் என்பது உண்மை. சொட்டுச் சொட்டாகக் கசியும் சின்ன இடத்தில், உள்பக்கம் அழுத்தி வைத்தால், மீனை மாற்றும்வரை நேரம் வாங்கித் தரும். வெளிப்பக்கம் ஒட்டினால் உள்ளிருந்து தண்ணீர் தள்ளும் தள்ளலிலேயே உரிந்து வரும். ‘எந்தக் கசிவையும் நிறுத்தும்’ என்று விற்கும் ஒட்டு டேப்புக்கும் இதே கதைதான். இரண்டடி உயரத் தண்ணீருக்கு முன்னால் அதை நிரந்தரத் தீர்வாக நினைக்கவே கூடாது.

சிலிக்கோனில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஹார்ட்வேர் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் குளியலறை, சமையலறைக்கான குழல். அதில் பூஞ்சை வராமலிருக்க மருந்து கலந்திருக்கும். அந்த மருந்து மீனைக் கொல்லும். குழலில் ‘ஆண்டி ஃபங்கல்’, ‘ஆண்டி மோல்ட்’ என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘நியூட்ரல் கியூர்’ என்பதும் வேண்டாம். தேவை அசிட்டாக்சி வகை, நூறு சதம் சிலிக்கோன், மீன் தொட்டிக்கு என்று எழுதியது. பிழிந்ததும் காடி வாசம் மூக்கில் ஏறும். மொமென்டிவ் ஆர்டிவி 108 தொட்டி கட்டுகிறவர்களிடையே பெயர் பெற்றது. காலாவதித் தேதியையும் பாருங்கள். தகரக் கூரைக்கடியில் வெந்து பழையதாகிப்போன குழல் பிழிய வரும், ஆனால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

ஐந்தடித் தொட்டியின் உள்ளோர நீளம் மொத்தம் 22 அடி. ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு முக்கோணமாகப் பிழிந்தால் 330 மில்லிக்கு மேல் ஆகும். ஒரு குழலில் ஏறக்குறைய 300 மில்லிதான் இருக்கும், ஆகவே இரண்டாக வாங்குங்கள். பாதி வழியில் தீர்ந்தால் காய்ந்த முனையில் புதியது பிடிக்காது. காய்ந்த சிலிக்கோன்மேல் புது சிலிக்கோன் ஒட்டாது என்பதால்தான் கசிந்த இடத்தில் மட்டும் பூசும் வேலை எதுவும் நிலைப்பதில்லை. உள்ளோரம் முழுவதையும் பிளேடால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, டேப் கட்டி, ஒரே மூச்சில் பிழிந்து, தோல் கட்டுமுன் விரலால் இழுத்து, டேப்பை உடனே உரிக்க வேண்டும்.

பிறகு பொறுமை. சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். நம் ஈரக் காற்று அதற்கு உதவியே. ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். உள்ளோரப் பூச்சு மட்டும் என்றால் நான்கைந்து நாள். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள ஒட்டே விட்டிருந்தால் கதை வேறு. 12 மில்லிமீட்டர் கண்ணாடியில் அந்த ஒட்டின் நடுவுக்கு ஈரம் போய்ச் சேரவே நாளாகும். தொட்டியைப் பிரித்துத் திரும்பக் கட்டி, முழுதாக ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். ஒட்டுக்குள் வெள்ளையாகக் காற்றுக் குமிழ் ஓடியிருப்பது இந்த நிலைக்கு அடையாளம். கண்ணாடியே கீறியிருந்தால் எந்தச் சிலிக்கோனும் வேண்டாம், பலகையை மாற்றுங்கள்.

மாற்றுமுன் ஸ்டாண்டில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அழுத்திய மரத்தூள் பலகை அலமாரி ஈரத்தில் ஒரு மூலை ஊதினால் போதும், புதுத் தொட்டியும் அதே மூலையில் விடும். தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்து 650 கிலோவுக்கு மேல். பழைய தோட்டத்து லய வீட்டின் பலகைத் தரை இதற்கு ஆகவே ஆகாது.

ஒட்டுவேலையைக் கடையில் கொடுப்பவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள்: பழைய சிலிக்கோனை முழுக்க எடுப்பீர்களா, எந்தக் குழல் போடுகிறீர்கள், தண்ணீர் நிரப்பிக் காட்டித் தருவீர்களா. மூன்றாவதற்கு மழுப்பும் கடைக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சோதனை வீட்டுக்கு வெளியே சமதளச் சிமென்ட்டில், அடியில் ஃபோம் விரித்து, முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, மறுநாள் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழுதும் என்று நடக்க வேண்டும். காய்ந்த டிஷ்யூத் தாளை ஓரமெல்லாம் ஒற்றிப் பாருங்கள். அதுவரை அரோவானாவை நண்பர் வீட்டிலோ கடையிலோ விடுவதானால், அதன் சான்றிதழ் நகலையும் மைக்ரோசிப் எண்ணையும் கூடவே கொடுத்து அனுப்புங்கள். ஆசிய அரோவானா, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ள மீன். தாளில்லாமல் கைமாறினால் வைத்திருப்பவருக்குத்தான் தொல்லை.