28 அடிப் படகில் டில்லர் பைலட்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மலாக்கா நீரிணையில் சின்னப் பாய்மரப் படகு ஓட்டுபவருக்குக் காற்றால் இயங்கித் தானே சுக்கான் பிடிக்கும் விண்ட்வேனை விட மின்சார ஆட்டோபைலட்தான் சரி என்பது என் முடிவு. டில்லர் பைலட் அந்த வகைதான்: டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்பும் கைத்தண்டை, தள்ளியும் இழுத்தும் படகைத் திசையில் நிறுத்தும் கருவி. பெருங்கடல் தாண்டுபவர்களுக்கு விண்ட்வேன் அருமையான துணை, பேட்டரியே வேண்டாம். ஆனால் இங்கே பாதி நேரம் காற்றே இருக்காது. கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போனால் மணிக்கணக்கில் எஞ்சினில்தான் ஓட வேண்டும். அப்போது விண்ட்வேனுக்கு வேலை இல்லை.

அடுத்து எந்த மாடல் என்ற கேள்வி. படகின் நீளத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எடையைப் பாருங்கள். அதுவும் தயாரிப்பாளர் தாளில் போட்ட எடையை அல்ல. தண்ணீர், டீசல், நங்கூரச் சங்கிலி, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு எடை ஐந்தில் ஒரு பங்காவது கூடியிருக்கும். என் படகு தாளில் 3 டன்னுக்குக் கொஞ்சம் மேல், பயணத்துக்குக் கிளம்பும்போது ஏறக்குறைய 4 டன். ரேமரின் நிறுவனத்தின் டில்லர் பைலட்களில் எஸ்டி1000 பிளஸின் வரம்பு 3,000 கிலோ, எஸ்டி2000 பிளஸின் வரம்பு 4,500 கிலோ. அதனால் பெரியதையே எடுத்தேன்.

பொருத்துவதில் துல்லியம் வேண்டும். டில்லரில் முளை அடிக்கும் இடம் சுக்கான் அச்சிலிருந்து 460 மில்லிமீட்டர். அங்கிருந்து பக்கவாட்டில் 589 மில்லிமீட்டரில் மறுமுனைக்கான குழி. டில்லர் நடுவில் நிற்கும்போது கருவி அதற்குச் செங்குத்தாகவும், தளத்துக்கு மட்டமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் தண்டு இரண்டு பக்கமும் ஒரே அளவு போய்வரும். குழி விழும் இடத்தில் வெறும் ஃபைபரை நம்பாமல் பின்னால் மரைன் ஒட்டுப்பலகை வைத்து எபாக்சி போட்டேன். அலையில் சுக்கான் கொடுக்கும் உதை முழுவதும் அந்த ஒரு புள்ளியில்தான் இறங்குகிறது. வயரும் தடிமனாக இருக்கட்டும். நான் 4 சதுர மில்லிமீட்டர் கேபிளைத் தனி ஃபியூஸோடு பேனலிலிருந்து நேராக இழுத்தேன். மெல்லிய வயரில் மின்னழுத்தம் இறங்கினால் மோட்டார் மெதுவாகிவிடும், பலமான காற்றில் அது ஆபத்து.

திசைகாட்டி கருவிக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் யாரும் ஸ்பீக்கரையோ ஸ்பேனரையோ வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன் பக்கத்து மாலுமிகள், காந்தப்புலச் சாய்வினால் சில திசைகளில் படகு அலைபாய்வதாக எழுதுவதைப் படித்துப் பயப்பட வேண்டாம். பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோடு நமக்கு அருகிலேயே ஓடுவதால் இங்கே அந்தச் சாய்வு மிகக் குறைவு. உயர் அட்சரேகைகளில் இந்தப் பிழையைச் சரிசெய்யும் ஆட்டோ அடாப்ட் வசதி நமக்குத் தேவைப்படாது.

இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று: ஆட்டோபைலட் நன்றாக ஓட்டுவது பாய்களின் சமநிலையைப் பொறுத்தது. கையில் டில்லரைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு விரலால் நிறுத்த முடிந்தால் கருவியிடம் கொடுக்கலாம். இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் முதலில் மெயின்சேலை, அதாவது பெரிய பாயை, சுருக்குங்கள். சமநிலையில் இருக்கும் படகில் மோட்டார் எப்போதாவதுதான் முனகும், பேட்டரியும் தாங்கும். இல்லாவிட்டால் ஓயாமல் வேலை செய்து இரண்டையும் தின்றுவிடும்.

தனியாக ஓட்டுபவருக்கு இதன் பெரிய வரம், பாய் மாற்றித் திரும்புவது. திசையை 1 டிகிரி, 10 டிகிரி மாற்றும் பொத்தான்களில் ஒரே பக்கத்து இரண்டையும் சேர்த்து அழுத்தினால் படகு தானாக 100 டிகிரி திரும்பும். இரண்டு கையும் கயிறுகளுக்கு மிச்சம்.

பின்பக்கவாட்டில் பெரிய அலை வந்தால் மட்டும் நானே ஓட்டுகிறேன். அலை வருவதைக் கண்ணால் பார்த்து முன்கூட்டியே டில்லரை அசைக்கலாம், கருவியோ படகு திரும்பிய பிறகுதான் திருத்தும். விடியலுக்கு முன் சுமத்ரா புயல்காற்று இருண்டு வரும்போதும் அதைக் கழற்றிவிடுவேன். முளையிலிருந்து தூக்கினால் போதும், டில்லர் கைக்கு வந்துவிடும்.

கருவி திசையைத்தான் பிடிக்கும். மீன்வலை, விளக்கில்லாத படகு, கப்பல் எதையும் அது பார்க்காது, கண்காணிப்பு முழுக்க நம் பொறுப்பு. இன்னொன்று, கைவிட்ட டில்லரோடு பல படகுகள் காற்றை நோக்கித் திரும்பி வேகம் குறையும். ஆட்டோபைலட் போட்ட படகு நீங்கள் கடலில் விழுந்தாலும் அதே திசையில் போய்க்கொண்டே இருக்கும். தனியாக இருக்கும்போது இடுப்பில் கயிறு மாட்டாமல் தயவுசெய்து காக்பிட்டை விட்டு நகராதீர்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. வெயிலுக்கும் உப்புத் தெறிப்புக்கும் ஒரு கேன்வாஸ் உறை, பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பு, பிளக் முனைகளுக்குக் கொஞ்சம் சிலிகான் கிரீஸ். உங்கள் படகு நிறைந்த எடையில் 4,500 கிலோவைத் தொட்டால் இதை வாங்காதீர்கள். 6,000 கிலோ வரை தாங்கும் ரேமரினின் ஈவி-100 டில்லர் தொகுப்பைப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் அந்த எடைக்கு அதுதான் சரி.