நோய்க்குப் பின் ஓடத் தொடங்குவோருக்கு ‘கவுச் டு 5கே’: ஒரு மதிப்புரை

‘கவுச் டு 5கே’ (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) என்ற ஒன்பது வார ஓட்டப் பயிற்சித் திட்டத்தைப் புகழ்ந்து எழுதப்பட்டவற்றுக்குக் குறைவில்லை. அவற்றில் பெரும்பாலானவை, உடம்பு நன்றாக இருந்தும் பழக்கமின்மையால் ஓடாதிருந்தவர்களின் பார்வையில் எழுதப்பட்டவை. நிணநீர்ப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து, மருத்துவரின் அனுமதியும் கிடைத்த பிறகு, ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டும் 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு, அதற்காகவே இந்தத் திட்டத்தைக் கைப்பேசிச் செயலி வழியாகப் பின்பற்றியவரின் மதிப்பீடு இது. நல்ல திட்டம்; தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் இதிலுள்ள ‘வாரம்’ என்ற சொல்லை நாள்காட்டியின் வாரமாக எடுத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் என் பரிந்துரை.

ஜாஷ் கிளார்க் 1996ஆம் ஆண்டில் வகுத்த இந்தத் திட்டத்தின் அடிப்படை மிக எளிது. வாரத்துக்கு மூன்று முறை, இடையில் ஒரு நாளாவது ஓய்வு. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் விரைந்து நடந்து உடம்பைச் சூடேற்றிய பின், முதல் வாரத்தில் 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம் செய்ய வேண்டும். இரண்டாம் வாரத்தில் ஓட்டம் 90 விநாடியாகவும் நடை இரண்டு நிமிடமாகவும் ஆகிறது. மூன்றாம் வாரத்தில் மூன்று நிமிட ஓட்டம் தலைகாட்டுகிறது. இப்படியே ஏறி, ஒன்பதாம் வாரத்தில் 30 நிமிடத் தொடர் ஓட்டத்தில் முடிகிறது. எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று திட்டம் எங்கும் கட்டாயப்படுத்துவதில்லை என்பதுதான், நோயிலிருந்து எழுந்தவருக்கு இதிலுள்ள மிகப் பெரிய சலுகை. முதல் நாள் நான் ‘ஓடிக்கொண்டிருந்தபோது’, கையில் பையுடன் சாதாரணமாக நடந்துபோன ஒருவர் என்னைக் கடந்து சென்றார். செயலியின் கணக்கில் அதுவும் முழுமையான ஓட்டமே. பழைய உடம்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணத்தை அந்த 60 விநாடி எப்படியோ துண்டித்துவிடுகிறது. அடுத்த நடை எப்போது வரும் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க அதில் இடமில்லை.

மருத்துவ நோக்கிலும் இந்த அமைப்பு பொருந்துகிறது. புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கான உடற்பயிற்சி குறித்துப் பன்னாட்டு வல்லுநர் குழு கூடி 2019இல் வெளியிட்ட பரிந்துரைகள், மிதமான தீவிரத்தில் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது 30 நிமிடம் செய்யப்படும் பயிற்சி களைப்பையும் பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைக்கிறது என்கின்றன. இந்தத் திட்டம் நோயாளிகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதன்று; ஆனாலும் அது கேட்கும் அளவு ஏறத்தாழ இதுவே. களைப்பு என்று பொதுவாகச் சொன்னாலும், கீமோதெரபிக்குப் பின் தொடரும் களைப்பு தூங்கி எழுந்தால் போகிற அசதி அன்று. ஓய்வு கூடக் கூட அது கனத்துக்கொண்டே போகும். அதற்கு மருந்தாக அசைவைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் கேட்கும்போது கேலியாகத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது.

திட்டத்தின் குறை, உடம்பு படிப்படியாக மேலே மட்டுமே ஏறும் என்று அது நம்புவதில் இருக்கிறது. ஐந்தாம் வாரத்தைப் பாருங்கள். முதல் நாள் ஐந்து நிமிட ஓட்டம் மூன்று முறை, இரண்டாம் நாள் எட்டு நிமிட ஓட்டம் இரண்டு முறை, மூன்றாம் நாள் நடையே இல்லாமல் 20 நிமிடத் தொடர் ஓட்டம். நலமாக உள்ளவர்களுக்கே இந்தத் தாவல் வயிற்றைக் கலக்கும். ஹீமோகுளோபின் இன்னும் தேறாத ஒருவருக்கு இது துணிவுக்கான சோதனை அன்று, ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனுக்கான சோதனை. அதில் மனஉறுதிக்கு வேலையே இல்லை. நோய்க்குப் பிந்தைய மாதங்களில் சளி பிடித்தாலே கணக்கு பின்னோக்கிப் போகும். ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்களில் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் கால் எழாது. நான் பயன்படுத்திய செயலியில் பழைய பயிற்சியைத் திரும்பச் செய்ய வழி இருந்தது என்றாலும், தவறிய நாள்களைச் சாம்பல் நிற வட்டங்களாக வரிசைகட்டிக் காட்டும் அதன் திரை, பின்வாங்கியவரைத் தோற்றவராகவே உணர வைத்தது. அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, வாரங்களைப் படிகளாக வைத்துக்கொண்டு, ஒரு படியில் வேண்டிய மட்டும் நின்றால், திட்டம் உடனே மனிதத்தன்மை பெற்றுவிடுகிறது.

செயலி கேட்காத சில கேள்விகளைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். டாக்ஸோரூபிசின் போன்ற ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோ மருந்துகள் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அவற்றைப் பெற்றவர்கள் எக்கோ பரிசோதனையின் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் முதல் வாரத்தைக்கூடத் தொடங்கக் கூடாது. பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு செயற்கையாகத் தாழ்ந்தே இருக்கும். ஆகவே துடிப்பை வைத்து முயற்சியின் அளவைக் கைக்கடிகாரம் பிரித்துக் காட்டும் ‘துடிப்பு மண்டலங்களை’ நம்பிப் பயனில்லை. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிகிறதா என்ற பழைய சோதனையோ, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதை நாமே மதிப்பிட்டு எண் கொடுக்கும், குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான முயற்சி அளவுகோலோ அதைவிட நேர்மையாகப் பதில் சொல்லும். வின்கிறிஸ்டின், டாக்ஸேன் வகைக் கீமோ மருந்துகள் விரல் நுனி நரம்புகளைப் பாதித்துப் பாதத்தை மரக்கச் செய்யலாம். அப்படிப்பட்டவருக்குத் தரையின் மேடு பள்ளம் காலுக்குத் தெரியாது. காலுறையின் தையல் மடிந்து விரலை அரைத்துக்கொண்டிருந்தாலும் தெரியாது. ஓடி வந்ததும் காலுறையைக் கழற்றி, விரல் இடுக்குகளையும் குதிகாலையும் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தாக வேண்டும். வலி சொல்லாத கொப்புளத்தை, உறையில் படிந்த ஈரக்கறைதான் முதலில் சொல்கிறது. செயலியின் ‘முடிந்தது, வாழ்த்துகள்’ என்ற குரலுக்குப் பிறகு இப்படி ஒரு நினைவூட்டல் வந்திருந்தால், ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுத்திருப்பேன்.

இனித் தொண்டு. தனக்காக ஓடுகிறவர் மழை வந்தால் வீட்டில் இருந்துவிடலாம். நூறு பேரிடம் நன்கொடை கேட்டவருக்கு அது அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. இந்தப் பிணைப்பே சோம்பலுக்கு மருந்து, இதுவே ஆபத்தும் ஆகலாம். பெரிய மாரத்தான்கள் பலவற்றில் தொண்டு நிறுவனங்கள் ஓட்ட இடங்களை வாங்கி, குறைந்தபட்சம் இவ்வளவு நிதி திரட்டித் தருவதாக உறுதி அளிப்பவர்களுக்கு அவற்றைக் கொடுக்கின்றன. நலமான ஒருவருக்கு அது ஊக்கம். ஒரு ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் மாற்றிவிடக்கூடிய நிலையில் இருப்பவருக்குத் தேதி குறித்த கடன். ஆகவே எந்த நிகழ்வில் சேர்வது என்பதை முடிவு செய்யும்போது, ஓட்டப் பாதை எப்படி என்பதற்கு முன்னால், உடம்பு ஒத்துழைக்காவிட்டால் அடுத்த ஆண்டுக்கு இடத்தை மாற்றித் தருவார்களா, திரட்டிய பணம் என்ன ஆகும் என்பதையே கேட்க வேண்டும்.

இந்த வகையில் டெர்ரி ஃபாக்ஸ் பெயரில் நடக்கும் ஓட்டம் எனக்குச் சரியான முன்மாதிரியாகப் படுகிறது. 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்த அந்தக் கனடிய இளைஞர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் தம் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம் என 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் 1 அன்று, நோய் நுரையீரலுக்குப் பரவியதால், தண்டர் பே நகருக்கு வெளியே நின்றார். மேற்குக் கரை வரை அவரால் ஓடி முடிக்க முடியவில்லை. 1981 ஜூனில் 22 வயதில் இறந்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக, நாட்டின் மக்கள்தொகையில் ஆளுக்கு ஒரு டாலர் வீதம் திரட்டுவது என்று அவர் வைத்திருந்த இலக்கு மட்டும் அவர் உயிரோடு இருக்கும்போதே எட்டப்பட்டது. அவர் பெயரில் 1981 முதல் நடக்கும் ஓட்டம் போட்டி அன்று. வென்றவர் என்று அதில் யாரும் இல்லை, நடந்தும் முடிக்கலாம். பாதியில் நின்றவருடைய ஓட்டமும் ஓட்டமே என்பதை அதன் இயல்பே ஒப்புக்கொள்கிறது. நம் செயலியின் சாம்பல் வட்டங்களை வடிவமைத்தவர்கள் இதைச் சற்றுப் பார்க்கலாம்.

அர்த்தம் என்ற கனமான சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெருந்துன்பத்துக்குப் பின் மனிதர்களிடம் காணப்படும் வளர்ச்சியை அளக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கல்ஹவுனும் 1996இல் வெளியிட்ட 21 கேள்விகள் கொண்ட பட்டியலில், தன் வலிமையை உணர்தல் என்ற பிரிவு ஒன்று. பிறரோடு கொள்ளும் உறவு என்ற பிரிவு மற்றொன்று. நிதி திரட்டும் பக்கங்கள் முதலாவதையே விரும்புகின்றன. ‘போராளி’, ‘வென்றவர்’ என்ற சொற்கள் நம்மைக் கேட்காமலே நம் படத்துக்குக் கீழே வந்து அமர்ந்துகொள்கின்றன. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் நடந்தது. நலம் விசாரிக்கக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் பேசாமலிருந்த உறவினர்களுக்கு, நன்கொடை ஒரு வாயிலாக அமைந்தது, “ஓட்டம் எப்படிப் போகிறது?” என்று கேட்பது “ரிப்போர்ட் எப்படி இருக்கிறது?” என்று கேட்பதைவிட அவர்களுக்கு எளிது, பதில் சொல்வது எனக்கும் எளிது.

ஒரு செயலி தர முடியாதது ஆள் துணை. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடத்தப்பட்டு 2025இல் வெளியான ‘சேலஞ்ச்’ ஆய்வில், மூன்று ஆண்டுக்காலம் பயிற்சியாளர் துணையுடன் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, நலக்கல்விக் கையேடுகளை மட்டும் பெற்றவர்களைவிட நோய் திரும்பும் வாய்ப்பு குறைவாக இருந்தது. ஐந்து ஆண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் உடற்பயிற்சிக் குழுவில் ஏறத்தாழ 80 விழுக்காடு, கையேட்டுக் குழுவில் 74 விழுக்காடு. ஒரு வகைப் புற்றுநோய்க்கான இந்த முடிவை எல்லா நோய்க்கும் நீட்டிவிடக் கூடாது. ஆனால் அந்த ஆய்வில் பயிற்சி என்பது தனியே ஒரு செயலியோடு விடப்படுவது அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். உடற்பயிற்சிக் குழுவில் தசை, மூட்டுத் தொல்லைகள் சற்றுக் கூடுதலாகவே பதிவாயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொண்டு நிறுவனம் வாராந்தரக் குழுப் பயிற்சி நடத்தினால், செயலியை வைத்துவிட்டு அங்கே போவதே மேல்.

கடைசியாக, பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். ஒன்பதாம் வாரம் தருவது 30 நிமிட ஓட்டமே அன்றி 5 கிலோமீட்டர் அன்று. நம்மைப் போன்றவர்களின் வேகத்தில் அது நான்கு கிலோமீட்டரைத் தொடுவதே பெரிது. செயலி அதற்குள் பட்டாசு வெடித்துப் பட்டம் கொடுத்துவிடும். எஞ்சிய தூரத்தை நடந்து கடக்க நிகழ்வின் நேர வரம்பு இடம் கொடுக்கிறதா, முடிவுக் கோட்டுக்கு அருகில் முதலுதவிக் கூடாரம் கடைசி ஆள் வரும்வரை திறந்திருக்குமா என்பதைப் பதிவு செய்யும் முன்பே அமைப்பாளர்களிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.