காணாக்கடியா, சிரங்கா: வெற்றிலை மிளகும் கடைக் களிம்பும் மருத்துவரின் சீட்டும்

உடம்பில் காரணம் தெரியாமல் தடிப்பு எழும்பினால், கண்ணில் படாத பூச்சியொன்று கடித்துவிட்டதாகக் கருதி அதைக் காணாக்கடி என்றே எங்கள் கொங்குப் பக்கத்தில் சொல்வார்கள். என் அம்மாயி வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பார். மறுநாள் தடிப்பு இருக்காது. இன்று அந்த வெற்றிலைக்குப் போட்டியாக மருந்துக்கடைக் களிம்பும் தோல் மருத்துவரின் சீட்டும் நிற்கின்றன.

மருத்துவர்கள் அர்டிகேரியா என்றழைக்கும் காணாக்கடியில், ஒவ்வொரு தடிப்பும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தானாகவே அடங்கி, வேறோர் இடத்தில் புதிதாகக் கிளம்பும். வெற்றிலை மிளகு பெற்ற நற்பெயரில் பெரும்பங்கு இந்த இயல்புக்கே உரியது என்பது என் கருத்து. இருந்தாலும் அதனால் பெரிய கேடு இல்லை. உதடும் நாக்கும் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழைத்தாக வேண்டும். தடிப்பு 6 வாரங்களுக்கு மேல் வந்து வந்து போனால் மருத்துவரின் மாத்திரையே மேல். அதிலும், விசைத்தறியிலோ நூல் மில்லிலோ இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் தம் வேலையை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். குளோர்பெனிரமைன் போன்ற பழைய மாத்திரைகள் கடும் தூக்கத்தைத் தரும், பெக்சோபெனடின் அப்படித் தருவதில்லை.

சிரங்கின் கதை வேறு. கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணி தோலுக்குள் வளை தோண்டுவதால் விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு பொரிகள் தோன்றி, இரவில் அரிப்பு மிகும். வெற்றிலையும் மஞ்சளும் இதைத் தீர்ப்பதில்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது நடுவிலுள்ள வழிதான். கடையில் கையை நீட்டிக் காட்டியதும் தரப்படும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கிருமிக்கொல்லியும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் விரைவில் அடக்குவதால் நோய் குணமானதுபோல் தோன்றும்; உண்மையில் சிரங்கு உண்ணி உள்ளே பெருகிக்கொண்டிருக்கும், பூஞ்சையால் வட்டவட்டமாக வரும் படையாக இருந்தால் அந்த வட்டம் குலைந்து, மருத்துவரே அடையாளம் காணத் திணறும்படி பரவும். தொடையிடுக்கில் வாரக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து, அழியாத வரிகள் விழுவதும் உண்டு. ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் விதி வந்த பிறகும் அவை எளிதாகக் கிடைப்பது வேதனையளிக்கிறது. மூன்று வழிகளிலும் இதையே கடைசியில் வைப்பேன். வெற்றிலையாவது நோயின் முகத்தை மறைப்பதில்லை.

மருத்துவரிடம் போகுமுன் ஒன்று செய்யலாம். தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடிட்டு, அலைபேசியில் படமெடுத்து, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். கோட்டுக்குள் தடிப்பு மறைந்திருந்தால் காணாக்கடியாக இருக்க வாய்ப்பு மிகுதி. அங்கேயே நின்றால் வேறு காரணம் தேட வேண்டும். கோவையிலும் பெருந்துறையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குச் செலவில்லாமல் பார்க்கிறார்கள்.

பல்லடம் பக்கம் மில் விடுதியில் தங்கியிருந்த என் தங்கை மகள், இரண்டு மாதம் கடைக் களிம்பு பூசிய பிறகே மருத்துவரிடம் போனாள். சிரங்கு என்று தெரிந்து, அறையிலிருந்த எட்டுப் பேரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம்வரை பெர்மெத்ரின் என்னும் உண்ணிக்கொல்லி மருந்தைப் பூசி, துணிகளைச் சுடுநீரில் துவைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூசினார்கள். உண்ணி செத்த பின்னும் சில வாரங்கள் அரிப்பு இருக்கும் என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்ததால், அவர்களில் ஒருவரும் பழைய களிம்பைத் தேடிப் போகவில்லை.