காரைக்குடில ரோமன் வெள்ளிக்காசு பார்க்கணும்னா இந்தக் கடைக்குப் போங்க

முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்குல்ல, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடின்னு வாசல் வரைக்கும் அடுக்கியிருப்பாங்க, அதுல பச்சைக் கதவு போட்ட சின்னக் கடை. வெளிய இருந்து பார்த்தா காசு விக்கிற இடம்னே தெரியாது. "அண்ணே ரோமன் காசு இருக்கா"ன்னு கேட்டேன், உள்ள போயி ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துட்டு வந்தாரு.

முதல்ல குடுத்தது கிபி 14ல இருந்து 37 வரைக்கும் ஆண்ட ரோம் ராஜா டைபீரியஸ் காசு. நம்ம பழைய நாலணா சைஸ், தராசுல வச்சா மூணே முக்கால் கிராம் கிட்ட. லென்ஸ்ல பார்த்தா தலையில கிரீடம் இல்ல, இலை மாலை, அதைக் கட்டின நாடா பிடரியில தொங்குறது கூட தெரியுது!! பின்பக்கம் ஒரு அம்மா நாற்காலில உக்காந்து ஒரு கையில செங்கோல், இன்னொரு கையில கிளை. ராஜாவோட அம்மா லிவியான்னுதான் பொதுவா சொல்றாங்க. நாற்காலிக் காலு சில காசுல சாதாவா இருக்கும், இதுல கடைசல் வேலை, நம்ம வீட்டுக் கட்டில் காலு மாதிரியே.

அடுத்து டைபீரியஸுக்கு முன்னாடி ஆண்ட அகஸ்டஸ் ராஜா காசு. பின்னாடி அவரோட பேரனுங்க ரெண்டு பேர் கேடயம் ஈட்டியோட நிக்கிறாங்க, தேஞ்சு போச்சு, முன்பக்கம் முகத்துக்கு குறுக்க ஒரு வெட்டு. பக்கத்துல புதுக்கோட்டை கருக்காக்குறிச்சில 1898ல கிடைச்ச 501 ரோமன் தங்கக்காசுலயும் பெரும்பாலும் இப்படி வெட்டு இருந்துச்சு. ஏன் வெட்டினாங்கன்னு ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க, எனக்கு அந்த வெட்டைத் தடவினதுமே நம்ம ஊர் கை பட்ட காசுன்னு சிலிர்த்துடுச்சு.

இந்தக் கடைய நான் ஏன் நம்புறேன்னா, டின்ல இருந்த மூணை அண்ணனே ஒதுக்கி வச்சு "இது வார்ப்பு தம்பி, அச்சுல உருக்கி ஊத்தின போலி, ஓரத்துல கோடு பாருங்க, மேல பொடிப்பொடியா குழி பாருங்க, அசல்னு நினைச்சு வாங்காதீங்க"ன்னாரு. போன வருஷம் வேற ஒரு இடத்துல இதே மாதிரி வார்ப்பை அசல் விலைக்கு வாங்கி ஏமாந்தவன் நான், அந்த வலி எனக்குத் தெரியும். சிங்கப்பூர்ல இருந்து வந்த ஒருத்தர் கேட்டதுக்கும் நூறு வருஷத்துக்கு மேல ஆன காசை வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போக சட்டம் விடாதுன்னு தெளிவா சொல்லிட்டாரு, விக்கணும்னு பார்க்கல.

டைபீரியஸ் விலை நமக்கு எட்டாது. தேஞ்ச அகஸ்டஸை பில்லோட வாங்கிட்டேன். டப்பா கிடையாது, பேப்பர்ல மடிச்சுதான் குடுப்பாங்க, சின்ன டப்பா கொண்டு போங்க. உள்ள லைட் ரொம்ப மங்கல், அதனால காலையிலயே போயிடுங்க, வாசல் வெயில்ல வச்சு திருப்பித் திருப்பிப் பார்க்க விடுவாரு.