குளோமிஃபீன் மாத்திரை, எச்.சி.ஜி. ஊசி: எட்டு மாதம் எடுத்தவனின் அனுபவம்

பாலக்கோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வயது 34. கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. போன வருஷம் உடம்பில் சத்தே இல்லாமல் போனது. மத்தியானம் கடையிலேயே தூங்கிவிடுவேன், ஆசையும் குறைந்துவிட்டது. ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 212. 300க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள்.

முதலில் பார்த்த இடத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். குழந்தை வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்ட பத்து நாள் தெம்பாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து விந்துப் பரிசோதனை எடுத்தால், அணு ஒன்றுகூட இல்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் தருமபுரியில் ஒரு யூராலஜி டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "குழந்தை இருக்கா தம்பி?" ஊசியை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். காலை பத்து மணிக்குள் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோனோடு, விதையை வேலை செய்யவைக்க மூளை அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள், புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் எல்லாம் பார்த்தார்.

அவர் சொன்னதை என் தொழிலில் வைத்துச் சொல்கிறேன். மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் மோட்டாரை ஓட்டும். லாரித் தண்ணீரை வாங்கி ஊற்றிக்கொண்டே இருந்தால் மோட்டார் ஓடவே ஓடாது. வெளியிலிருந்து போடும் டெஸ்டோஸ்டிரோன் லாரித் தண்ணீர் மாதிரி. மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். அனுப்புவதை நிறுத்திவிடும், விதையில் அணு உற்பத்தியும் நின்றுவிடும். டெஸ்டோஸ்டிரோனில் கொஞ்சம் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனாக மாறும், அதையும் வைத்துத்தான் மூளை தொட்டியின் அளவைப் பார்க்கிறது. குளோமிஃபீன் அந்த ஈஸ்ட்ரோஜனை மூளையின் கண்ணில் படாமல் மறைக்கிறது. தொட்டி காலி என்று நினைத்து மூளை மோட்டாரைப் போடுகிறது. எச்.சி.ஜி. ஊசி எல்.எச். செய்கிற வேலையை நேராக விதையிலேயே போய்ச் செய்கிறது.

எனக்கு குளோமிஃபீன் தினமும் 25 மி.கி., எச்.சி.ஜி. 2000 யூனிட் வாரம் மூன்று நாள். பொடியாக வரும் ஊசி மருந்தைக் கரைத்த பிறகு ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். இட்லி மாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டுக்கொள்வதை அம்மா பார்த்துவிட்டு, "சர்க்கரையாடா?" என்று கண் கலங்கினார். உட்கார வைத்து உள்ளதைச் சொன்னேன். அதிலிருந்து நாள் தவறாமல் ஞாபகப்படுத்துவது அவர்தான்.

மருந்துக் கடையில் குளோமிஃபீன் கேட்டால், "வீட்ல அவங்களுக்கா அண்ணா?" என்பார்கள். பெண்களுக்குக் கரு முட்டை வளர என்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இது. ஆண்களுக்கு டாக்டர்கள் தங்கள் அனுபவத்தில் தருகிறார்கள். சீட்டைக் காட்டி, எனக்குத்தான் என்று சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் மாதம் எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. கண் மங்கினாலோ, வெளிச்சம் மின்னினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வா என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அது வரவில்லை. மார்புக்காம்பு வலித்தபோது ஈஸ்ட்ரோஜன் கூடியிருப்பதைப் பார்த்து அதைக் குறைக்கும் அனஸ்ட்ரோசோல் மாத்திரையை ஆறு வாரம் கொடுத்தார்.

ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய 70 நாள் ஆகும். அதனால் மூன்றாவது மாத ரிப்போர்ட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அணு தெரிந்தது. ஐந்தாவது மாதம் எச்.சி.ஜி.யை நிறுத்தினோம். எட்டாவது மாதம் மில்லிக்கு 1.4 கோடி அணு, டெஸ்டோஸ்டிரோன் 470. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கீழ்வரம்பு 1.6 கோடி, கிட்ட வந்துவிட்டேன். மத்தியானத் தூக்கம் போய்விட்டது.

குளோமிஃபீனுக்கு 5க்கு 4 கொடுப்பேன்: மாத்திரை, மலிவு, விடாமல் எடுக்க முடிகிறது. எச்.சி.ஜி.க்கு 3, வேலை செய்கிறது, ஆனால் செலவும் ஃபிரிட்ஜ் பாடும் இருக்கிறது. விதையே பழுதாகி எல்.எச். ஏற்கெனவே ஏறியிருப்பவர்களுக்கு இரண்டும் பெரிதாக உதவாது. அதனால் எல்.எச். பார்க்காமல் யார் எது எழுதிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எனக்கு அடுத்த பரிசோதனை தை மாதம். மனைவியும் கூட வருகிறாள்.